உரப்பைக்குள் வாள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், யாழ்ப்பாணத்தில் மோட்டார் சைக்கிளில் வாளோடு போகாதீர்கள். ஸ்பொஞ் வாள் என்றாலும் போகாதீர்கள். நாங்கள் போனோம், வேடம் போட்டு ஸ்பொஞ் வாளால் சண்டை பிடிக்கிற ஒரு விளையாட்டுக்காக. பின்னால் இருந்த மச்சான் நான்கு வாள்களை ஓர் உரப்பைக்குள் போட்டு நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தான். பை கட்டை, அதனால் பிடிகள் நான்கும் வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன. அந்தப் பிடிகளுக்கு நான் இரண்டு கிழமை மினக்கெட்டுப் பித்தளை நிறம் அடித்து, மேலே சப்பாத்துப் பொலிஷ் தேய்த்து, மூன்று தலைமுறை கைபட்டுக் கறுத்ததுபோல ஆக்கி வைத்திருந்தேன். பருத்தித்துறை வீதியில் ஒரு சந்தியில் பொலிஸார் மறித்தார்கள்.

“உதுக்குள்ள என்ன?”

“வாள் சேர்” என்றான் மச்சான். பொய் சொல்லத் தெரியாத பெடியன்.

பிறகு நடந்ததை நீங்களே ஊகிக்கலாம். வாள்வெட்டு என்ற சொல் பத்திரிகையில் அடிக்கடி வரும் ஊர் இது. இறங்கச் சொன்னார்கள், கையைத் தூக்கச் சொன்னார்கள், ஒருவர் பையைக் காலால் தள்ளிவிட்டு ஒரு வாளை மெதுவாக உருவினார். உருவியவர் முகம் மாறியது. வாளின் நுனியைப் பிடித்து வளைத்தார், அது வாழைமட்டைபோல வளைந்து திரும்பி வந்தது. உள்ளங்கையில் இரண்டு தரம் தட்டிப் பார்த்தார். சிரித்தார். சிரித்து முடிய முக்கால் மணித்தியாலம் ஏசினார். அவர் ஏசியதில் ஒரு பிழையும் இல்லை.

உண்மையைச் சொன்னால் எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. பொலிஸையே ஏமாற்றிய வாள் அல்லவா. ஆனால் நாங்கள் கையைத் தூக்கிக்கொண்டு நின்ற நேரம் எதிர்ப்பக்கக் கடை வாசலில் ஒரு அம்மா தன் பிள்ளையைத் தோளில் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனதைப் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம். அன்றிரவு நித்திரை வரவில்லை. ஒரு பொருள் எவ்வளவு உண்மையாகத் தெரிய வேண்டும், யாருக்கு, எத்தனை அடி தூரத்தில் என்று நான் ஒழுங்காக யோசிக்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

சரி, கதையின் தொடக்கத்துக்கு வருகிறேன். லார்ப் என்று ஒரு விளையாட்டு இருக்கிறது. ஒரு கற்பனை நாட்டை எடுத்துக்கொண்டு, ஒவ்வொருவரும் ஒரு பாத்திரமாகி, உடுப்பு, ஆயுதம், கவசம் எல்லாம் போட்டு, ஒரு நாளோ மூன்று நாளோ அந்த ஆளாகவே திரிவது. பார்வையாளர் கிடையாது, எழுதி வைத்த வசனம் கிடையாது, சண்டை வந்தால் சண்டை. அமெரிக்காவில் 1977இல் டாகோர்ஹிர் என்று ஒரு கூட்டம் ஸ்பொஞ் ஆயுதங்களோடு தொடங்கியது, இங்கிலாந்தில் 1982இல் பெக்ஃபோர்டன் கோட்டைக்குள்ளேயே விளையாடினார்கள். ஜெர்மனியில் ப்ரோகெலோ என்ற கிராமத்தில் 2004 முதல் நடக்கும் பெருவிளையாட்டுக்கு ஆயிரக்கணக்கில் ஆட்கள் போகிறார்கள். அங்கே இருக்கிற என் சித்தப்பாவின் மகன் நல்லூர்த் திருவிழாவுக்கு வந்தபோது சொக்லேட்டோடு ஒரு வாளும் கொண்டுவந்தான். அதிலிருந்து பிடித்தது இந்தப் பைத்தியம். எனக்குப் பெயர்ப்பலகை செய்கிற கடை. ஹீட் கன், கட்டர், பெயின்ட், கம் எல்லாம் கைவசம். பதினொரு பேர் சேர்ந்தோம், மச்சானின் பெரியப்பாவின் காணி மணற்காட்டுப் பக்கம் இருந்தது, மணல்மேடுகளும் சவுக்குமாக ஒரு வேற்று நாடுபோலவே இருக்கும் இடம். தெரிந்தவர் காணி, தெரிந்த தரை. ஆள் நடமாட்டமில்லாத பற்றைக்குள் வேடம் போட்டுக்கொண்டு இறங்குவது எங்கள் பக்கத்தில் புத்தியுள்ள வேலை இல்லை, போர்க்கால மிதிவெடி பற்றி இங்கே இருக்கிறவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

முதலில் சரித்திரத்தையே விளையாடலாம் என்றுதான் நினைத்தோம். 1619, போர்த்துக்கேயத் தளபதி பிலிப் டி ஒலிவேரா யாழ்ப்பாண இராச்சியத்தைப் பிடித்த ஆண்டு. பதினொரு பேரும் எங்கள் அரசன் சங்கிலியன் பக்கம். பறங்கியாக நிற்க ஒருத்தனும் இல்லை. சீட்டுக் குலுக்கிப் போட்டதில் மாட்டிய நாலு பேர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றார்கள். அதோடு போர்த்துக்கேயர் என்றால் துவக்கு வேண்டும், துவக்கு என்றால் சத்தம் வேண்டும். இந்த மண்ணில் பொழுதுபட்ட நேரம் வெடிச்சத்தம் கேட்டால் வயதான ஆட்கள் சிலர் இன்றைக்கும் சுவரோடு ஒதுங்குவார்கள். என் அப்பம்மா தீபாவளி வெடிக்கே ஒதுங்குவார். ஆகவே பெயரில்லாத ஒரு நாட்டைச் செய்துகொண்டோம். இரண்டு விதி வைத்தோம், துவக்கின் உருவத்தில் எதுவும் இல்லை, இராணுவ உடுப்பைப்போல ஒரு துணியும் இல்லை. இரண்டாவதற்குச் சட்டமும் இடம் தராது.

இனி வாளுக்கு வருவோம்.

ஜெர்மனி வாளைப் பார்த்து நானே செய்யலாம் என்று இறங்கினேன். முதல் வாளுக்கு உள்ளே பீவீசி பைப். கடைக் கூரையில் இரண்டு வருசம் வெயிலில் கிடந்த துண்டு. வெயில் பட்ட பீவீசி பார்க்க நல்லாய்த்தான் இருக்கும், ஆனால் ஒரு அடியில் கண்ணாடிபோல உடையும். உடைந்தது. அதன் விளிம்பு பிளேட்போல இருந்தது, நல்லகாலம் உறைக்குள்ளேயே நின்றுவிட்டது. இரண்டாவதற்கு மூங்கில். மூங்கில் நெடுக்காகப் பிளந்து சிலாம்பு வந்தது. பிரம்பு என்றால் பிளக்காது, அடிபட அடிபட நாராகும், அவ்வளவுதான். 1966இல் கலிபோர்னியாவில் தொடங்கி இன்றைக்கும் நடக்கிற ஒரு மத்தியகாலச் சண்டைச் சங்கத்தார் இதற்காகவே பிரம்பு வாளால் அடிபடுகிறார்கள். ஆனால் அவர்கள் போடுவது நிஜ இரும்புக் கவசம். சேர்ட்டோடு நிற்கிறவனுக்குப் பிரம்படி என்றால் அது பள்ளிக்கூட ஞாபகம்.

கடைசியில் பைபர் கம்புதான் சரிவந்தது. பழைய கூடாரங்களின் கம்பு கிடைத்தால் அதிர்ஷ்டம், இல்லாவிட்டால் குருநகரில் பைபர் படகு திருத்துகிறவர்களைப் பிடித்துக் கேட்டுப் பார்க்கலாம். ஒன்று மட்டும், பைபரை அராவும்போது நீளக் கை சேர்ட்டும் முகக்கவசமும் போடுங்கள், தண்ணீர் தெளித்து அராவுங்கள். நான் பெனியனோடு இருந்து அராவிவிட்டு மூன்று நாள் கையைச் சொறிந்துகொண்டு திரிந்தேன்.

கம்புக்கு மேலே ஸ்பொஞ். இங்கே எல்லோரும் விடுகிற பிழை, பிள்ளைகள் தவழுகிற அந்தக் கோர்வைப் பாயை வெட்டி வாளின் அலகுக்கு ஒட்டுவது. அது ஈவிஏ என்கிற ஸ்பொஞ் வகை, அடர்த்தி கூடியது. கவசத்துக்கு அருமை, அடிக்கிற விளிம்புக்குக் கூடாது, தழும்பு போடும். அலகுக்கு அதைவிட மெத்தென்ற, ஆனால் தண்ணீர் குடிக்காத ஸ்பொஞ் வேண்டும். முகாமுக்குப் போகிறவர்கள் விரித்துப் படுக்கிற மெல்லிய பாய் நல்லாய் இருக்கும். விரலால் அமத்தினால் உள்ளே போய், எடுத்ததும் நிதானமாகத் திரும்பி வர வேண்டும். மேலே ரப்பர் பால் ஆறேழு பூச்சு. காய்ந்த ரப்பரின் ஒட்டுந்தன்மை போக சிலிக்கோன் தெளிக்க வேண்டும். எங்கள் வெக்கையில் அதுவும் போதாது. இரண்டு வாளைச் சேர்த்து ஒரு பைக்குள் போட்டால் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும், பிரித்தால் தோல் உரியும். சித்தப்பா மகனின் அந்த அழகான வாள் என் கடை முன்கண்ணாடிக்குள் ஒரு சித்திரை மாதம் நின்றே பாழாய்ப் போனது. அவனுக்கு இன்னும் சொல்லவில்லை.

கண் விஷயத்தை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஸ்பொஞ் வாளால் வெட்டலாம், குத்தக் கூடாது. குத்துகிறபோது உள்ளே இருக்கும் கம்பு நுனியைத் துளைத்துக்கொண்டு வரப்பார்க்கும். அதனால்தான் கம்பின் முனையில் தோல் துண்டு மடித்து ஒட்டி, அதற்கு மேலே நாலு விரல் நீளத்துக்கு வெறும் ஸ்பொஞ்சாக விட வேண்டும். இது எனக்குத் தெரியும். தெரிந்தும் ஒரு வாளில் நுனி கூராக வடிவாய் வரவேண்டும் என்பதற்காக ஸ்பொஞ்சைக் குறைத்துவிட்டேன். படத்தில் பார்த்தால் அதுதான் நான் செய்ததிலேயே உண்மையான வாள். அதை ஒரு பெடியன் இளைப்பாறும்போது நுனியை நிலத்தில் ஊன்றி, ஊன்றுகோல்போல அதில் சாய்ந்துகொண்டு நின்றிருக்கிறான், ஒரு பின்னேரம் முழுக்க. வாளை ஊன்றுவது வீரனுக்கு அழகுதான், ஆனால் ஒவ்வொரு தரமும் கம்பு ஒரு நூல் கீழே இறங்குகிறது. அடுத்த சண்டையில் குத்தவில்லை, வெட்டத்தான் வீசினான், எதிரே நின்றவன் குனிந்தான், நுனி கண்ணுக்குக் கீழே எலும்பில் பட்டது. இரண்டு தையல். ஒரு அங்குலம் மேலே பட்டிருந்தால் நான் இதை இப்படி எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். ஆஸ்பத்திரியில் எதனால் பட்டது என்று கேட்டார்கள், வாளால் என்று சொல்லவும் முடியவில்லை, சொல்லாமல் விடவும் முடியவில்லை.

அதற்குப் பிறகு ஆட்டம் தொடங்கமுன் ஒவ்வொரு ஆயுதத்தையும் நானும் இன்னொருவரும் பார்ப்போம். நுனியை இரண்டு விரலால் நசுக்கிக் கம்பு தட்டுப்படுகிறதா என்று பார்ப்பது, அலகு முழுக்கக் கையை ஓட்டுவது, கடைசியாக அந்த வாளுக்குரியவன் தொடையிலேயே ஓங்கி ஒரு அடி. “ஆ” என்றால் வாள் வெளியே. தலை, கழுத்து, கவட்டுக்கு அடி கிடையாது. யாராவது “நில்” என்று கத்தினால் எல்லோரும் அதே இடத்தில் சிலை. நுனியை ஊன்றுகிறவனுக்கு அடுத்த ஆட்டத்தில் தண்ணீர் சுமக்கிற வேலை. வடிவான கூர் நுனி வேண்டுமென்றால் அது சுவரில் தொங்கட்டும்.

இவ்வளவு செய்தும் எங்கள் சண்டையைக் கைபேசியில் பதிந்து பார்த்தபோது சிரிப்புத்தான் வந்தது. வாள் நல்ல வாள், உடுப்பு நல்ல உடுப்பு, ஆனால் ஆட்கள் வாளை வீசுவது நுளம்பு பற் வீசுவதுபோல இருந்தது. என்ன பிழை என்று பிடிபடவில்லை. எங்கள் அம்மாவின் ஊரில் கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் ஒருவர் இருக்கிறார், எழுபது தாண்டியவர். கூத்து உடுப்பைப் பார்த்து ஏதாவது படிக்கலாம் என்று அவரிடம் போனேன். கைபேசியில் எங்கள் வீடியோவையும் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, கைபேசியை முகத்துக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார்.

“தம்பி, இவங்கள் என்ன இலையான் கலைக்கிறாங்களோ?”

பிறகு எழும்பிப் போய்ப் பரணில் இருந்து ஒரு வாளை எடுத்து வந்தார். முள்முருக்கு மரத்தில் செய்தது, மேலே வெள்ளித்தாள் ஒட்டி, அதுவும் அங்கங்கே கிழிந்து மரம் தெரிந்தது. தூக்கிப் பார்த்தேன், ஒரு கொப்பி கனம்கூட இல்லை. சின்னப் பிள்ளையும் அதை வாள் என்று நம்பாது. அவர் அதை வாங்கி, வேட்டியை மடித்துக் கட்டி, ஒரு கால் பின்னே வைத்து, மெதுவாகத் தூக்கினார். தூக்கும்போது தோள் முதலில் எழும்பியது, கை பிறகு வந்தது, வாள் கடைசியில் வந்தது. மேலே போனதும் ஒரு கணம் நின்றது. இறங்கும்போது முழு உடம்பும் அதோடு இறங்கி, நிறுத்துகிற இடத்தில் முழங்கால் மடங்கி அந்தப் பாரத்தை வாங்கியது. நான் என்னையறியாமல் ஒரு அடி பின்னுக்குப் போயிருந்தேன். அவர் வாளைத் தட்டிப் பரணில் திரும்ப வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கச் சொன்னார்.

நான் அதுவரை மினக்கெட்ட பித்தளை நிறம், பொலிஷ், கீறல் எல்லாம் அந்த இடத்தில் ஒன்றுமில்லாமல் போயிற்று. கனம்தான் எங்களிடம் இல்லாதது. ஐரோப்பாவின் நிஜமான ஒருகை வாள் ஒன்று கிட்டத்தட்ட 1.1 முதல் 1.4 கிலோ வரை இருக்கும். பத்துக் கிலோ, பதினைந்து கிலோ என்று கதை சொல்கிறவர்களை நம்ப வேண்டாம், ஆள் உயரத்து இருகை வாளே பெரும்பாலும் 3 கிலோவைச் சுற்றித்தான். எங்கள் ஸ்பொஞ் வாள் அரைக் கிலோவும் வராது. ஆகவே இப்போது நாங்கள் செய்வது இதுதான். வீட்டில், தனியாக, யாரும் பக்கத்தில் இல்லாமல், 1.2 கிலோ வருகிற மாதிரி ஒரு இரும்புக் குழாயை வெட்டி வைத்துக்கொண்டு தினமும் ஐம்பது தரம் தூக்கி இறக்குகிறோம். மூன்று கிழமையில் தோளுக்கு அந்தப் பாரம் பழகிவிடும். களத்தில் ஸ்பொஞ்சைத் தூக்கினாலும் தோள் இரும்பைத்தான் தூக்கும். அடியும் தானாகவே மெல்லமாகும், ஏனென்றால் வேகம் குறைகிறது. அடி வாங்குகிறவனுக்கும் பாதி வேலை இருக்கிறது. தோளில் பட்டால் அந்தக் கை தொங்க வேண்டும். விறைப்பாக நின்று “படேல்லை, படேல்லை” என்று வாதாடுகிற ஒருத்தன் இருந்தால் எவ்வளவு செலவழித்துச் செய்த கவசமும் பள்ளிக்கூட மாறுவேடப் போட்டியாகிவிடும். எங்களிடம் அப்படி ஒருவன் இருந்தான். இப்போது கிரிக்கெட் விளையாடப் போகிறான், அங்கேயும் இதே வாதம்தானாம்.

கவசத்துக்கு வருகிறேன். கவசம் என்றால் எங்கள் அம்மாவுக்கு வெள்ளிக்கிழமை காலையில் பாடுவதுதான். “கவசம் செய்யிறன் அம்மா” என்றபோது நல்ல புத்தி வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டார். பழந்தமிழில் இதற்கு மெய்ம்மறை என்று ஒரு சொல் இருக்கிறது, நல்ல சொல், ஆனால் கடையில் அதைச் சொல்லி ஒன்றும் வாங்க முடியாது.

முதல் மார்புக்கவசம் அந்தக் கோர்வைப் பாய்தான். உள்பக்கத்தில் இன்னமும் யானைப் படம் தெரியும். வெட்டி, ஹீட் கன்னால் சூடாக்கி, தொடையில் வைத்து வளைத்து, ஆறும்வரை பிடித்திருக்க வேண்டும். சூடு பட்டதும் மேற்பரப்பு இறுகி மினுங்கும், அதற்கு மேல் பைண்டர் கம் மூன்று பூச்சு, பிறகு கறுப்பு. வெள்ளி நிறம் கடைசியில். தூரிகையில் தொட்டு, பழைய பேப்பரில் நன்றாகத் துடைத்து, இனி நிறமே இல்லை என்று தோன்றுகிறபோது கவசத்தின் விளிம்புகளில் மட்டும் இழுக்க வேண்டும். இரும்பு தேய்வது விளிம்பிலும் வார் உரசுகிற இடத்திலும்தான். நடு மார்பு தேயாது. கீறல் வேண்டுமென்றால் இடப்பக்கம் கூடப் போடுங்கள், எதிரே நிற்கிறவன் வலக்கைக்காரன் என்றால் அடி விழுவது அங்கேதான். ஐந்து அடி தள்ளி நின்றால் இரும்பேதான். கிட்ட வந்து தட்டினால் செருப்புச் சத்தம். சத்தத்துக்கு நான் உள்ளே அலுமினியத் தகட்டுத் துண்டுகள் இரண்டைத் தளர்வாகத் தைத்திருக்கிறேன், ஓடும்போது கிலுங்கும். விளிம்புகளை மடித்து அராவிவிட்டேன், அராவாத தகடு கை கிழிக்கும்.

தோலில் ஒன்று செய்யப்போய்ப் பட்ட பாட்டையும் சொல்ல வேண்டும். மேளத்துக்கு இழுக்கிற மாட்டுத்தோல் கொஞ்சம் கிடைத்தது, பதனிடாத பச்சைத்தோல். நனைத்து ஒரு குடத்தின் மேல் கட்டிக் காயவிட்டால் பலகைபோல இறுகி வரும், தோள்கவசத்துக்கு என்ன வடிவான வளைவு! மணற்காட்டில் ஒரு மணித்தியாலம் ஓடினதும் வேர்வையில் ஊறிப் பப்படம்போலத் தொங்கியது. மணமும் கிளம்பியது. அங்கே நாலைந்து நாய்கள் எப்போதும் நிற்கும். எதிரிப்படை என்னைத் துரத்தவில்லை, நாய்கள் துரத்தின. வேஷத்தை விட்டு வெளியே வரக்கூடாது என்பது விதி, ஆகவே சேனாதிபதியாகவே மணல்மேட்டில் ஏறி ஓடினேன். பதனிட்ட தோல் விலை கூட, ஆனால் வாங்குவதென்றால் அதைத்தான் வாங்க வேண்டும்.

எல்லாவற்றையும் விட எனக்குப் பிடித்தது வளையச் சட்டை. இரும்பு வளையங்களைக் கோத்துச் செய்வது, ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் நான்கு வளையம். இரும்புக் கடையில் 1.6 மில்லிமீற்றர் வெள்ளிரும்புக் கம்பிச் சுருள் வாங்கி, 10 மில்லிமீற்றர் கம்பியொன்றில் சுற்றி, சுருளை வெட்டி வளையமாக்கி, இரண்டு குறடுகளால் ஒவ்வொன்றாகத் திறந்து, கோத்து, மூடி. கையில்லாத, இடுப்புக்குக் கொஞ்சம் கீழே வருகிற சட்டைக்குப் பன்னிரண்டாயிரம் வளையம் அளவில் போனது. கரண்ட் போன இரவுகளிலும் கோத்தேன், கண் தேவையில்லை, விரலுக்கே வழி தெரிந்துவிடும். நான்கு மாதம். முடித்ததும் திருநெல்வேலிச் சந்தையில் தெரிந்த மரக்கறிக்காரரின் தராசில் போட்டேன், ஏழு கிலோவுக்கு நூறு கிராம் குறைவு. “இரும்பு வலை போட்டு என்ன மீன் பிடிக்கப்போறியள்?” என்று கேட்டார் பக்கத்துத் தட்டு அக்கா. அலுமினியக் கம்பியில் செய்திருந்தால் இதில் மூன்றிலொரு பங்குதான் வந்திருக்கும். பலர் அப்படித்தான் செய்கிறார்கள், அதிலும் பிழையில்லை, ஆனால் அது தொங்குகிற விதமே வேறு. இரும்பு உடம்போடு ஒழுகும், அலுமினியம் துள்ளும்.

புதுச் சட்டை, வெள்ளிரும்பின் மேல் பூசியிருக்கும் நாகத்தின் (துத்தநாகத்தின்) மினுக்கத்தில் சமையலறை அரிதட்டுப்போல இருந்தது. வினாகிரியில் ஒரு இரவு ஊறப்போட்டேன், வெளியே, திறந்த வாளியில். நாகமும் அமிலமும் சேர்ந்தால் எரியக்கூடிய வாயு வரும், மூடி வைத்துவிடாதீர்கள், பக்கத்தில் நெருப்புக்குச்சியும் வேண்டாம். காலையில் அருமையான மந்தச் சாம்பல் நிறம். இரண்டு முறை மணற்காட்டுக்குப் போய் வந்ததும் கடற்காற்று பட்டுச் செம்மை ஏறத் தொடங்கியது. பழைய காலத்தில் ஐரோப்பாவில் இந்தச் சட்டைகளை மணலோடு பீப்பாயில் போட்டு உருட்டித் துரு எடுப்பார்களாம். எங்களிடம் பீப்பாய் இல்லை, உரப்பை இருந்தது, மணலுக்குப் பஞ்சமே இல்லை. சட்டையையும் ரெண்டு சுண்டு காய்ந்த மணலையும் பைக்குள் போட்டு, இரண்டு பேர் இரண்டு முனையில் பிடித்து, பிள்ளைக்குத் தொட்டில் ஆட்டுவதுபோல அரை மணித்தியாலம் ஆட்டினோம். எடுத்தபோது எங்கள் கண்ணையே நம்ப முடியவில்லை. எந்தப் பெயின்டும் அந்த நிறத்தைத் தராது. பிறகு தேங்காய் எண்ணெய் கொஞ்சம்.

இப்படி மூட்டிய வளையம் நிஜச் சண்டைக்கு உதவாது, உண்மையான வளையச் சட்டைகளில் பெரும்பாலானவற்றில் வளையத்தின் முனைகளைத் தட்டையாக்கித் தறையாணி அடித்திருப்பார்கள். ஸ்பொஞ்சுக்கு இது காணும். உள்ளே பஞ்சு வைத்துத் தைத்த சட்டை ஒன்று போட வேண்டும், இல்லாவிட்டால் தோள்பட்டை இரண்டும் இரவில் அழும். இடுப்பில் வாரை இறுக்கிக் கட்டி, சட்டையை அதற்கு மேலே கொஞ்சம் இழுத்துவிட்டால் பாதிப் பாரம் இடுப்புக்கு இறங்கிவிடும். இதை நான் ஆறு மாதம் கழித்துத்தான் கண்டுபிடித்தேன். ஆறு மாதமும் வீணாகத் தோள் நொந்தது.

ஆனால் பஞ்சுச் சட்டையும் இரும்பும் சேர்ந்தால் எங்கள் வெயிலில் அது அடுப்பு. 2011இல் இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஒரு பரிசோதனை செய்தார்கள், 30 முதல் 50 கிலோ வரையான முழு இரும்புக் கவசத்தை ஆட்களுக்குப் போட்டு ஓடுபொறியில் நடக்கவிட்டு மூச்சை அளந்தார்கள். நடப்பதற்கு இரண்டு மடங்குக்கு மேல் சக்தி செலவானது. காலில் இருக்கிற இரும்பை ஒவ்வொரு அடிக்கும் தூக்க வேண்டும், மார்பை இறுக்கினால் மூச்சு ஆழமாக வராது, இவை இரண்டும்தான் முக்கிய காரணம். அது இங்கிலாந்துக் குளிரில். இங்கே ஏழு கிலோவுக்கே சித்திரை மாதத்தில் ஒரு பெடியன் கண் இருண்டு விழுந்தான். முதலில் நடிக்கிறான் என்று நினைத்து எதிராளி அவன் மேல் காலை வைத்து வெற்றி முழக்கம் வேறு போட்டான். மூச்சு விடுகிற விதத்தைப் பார்த்துத்தான் விளங்கியது. வாரை அறுத்து, சட்டையைக் கழற்றி, நிழலில் கிடத்தி, ஈரத் துவாயை கழுத்திலும் கக்கத்திலும் வைத்து... எழும்பினதும் “வெண்டது ஆர்?” என்று கேட்டான். இப்போது பின்னேரம் நாலரைக்கு முன் இரும்பு போடுவதில்லை. ஆளுக்கு இரண்டு போத்தல் தண்ணீர், உப்புப் போட்ட மோர் ஒரு வாளி, காலில் கவசமே இல்லை. கால் வெறுமையாக இருப்பது படத்தில் குறையாகத்தான் தெரியும், தெரியட்டும்.

இதையெல்லாம் இவ்வளவு சொல்கிறேனே, சூரன்போர் பார்க்கிறபோது எனக்குச் சந்தேகம் வந்துவிடும். மரச் சூரன், பெயின்ட் அடித்த தலை, ஆட்கள் தூக்கி ஆட்டுவது கண்ணுக்கு முன்னால் தெரிகிறது, தலையை மாற்றுவதும் தெரிகிறது. ஆனாலும் வேல் கிட்ட வரும்போது அந்தச் சனம் முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. நானும்தான். எங்கள் பதினொரு பேரின் விளையாட்டுக்கு அப்படி நம்புகிற சனம் இல்லை, அதனால்தான் நாங்கள் துருவுக்கும் மினுக்கத்துக்கும் இவ்வளவு பாடுபடுகிறோம் போலிருக்கிறது.

சாமான் கொண்டுபோகிற முறையை மாற்றிவிட்டோம். என் கடையிலேயே பெரிய பை ஒன்று தைத்து, “நாடகப் பொருட்கள்” என்று மூன்று மொழியிலும் அச்சடித்து, எல்லாவற்றையும் உள்ளே போட்டுச் சிப்பை இழுத்து, மோட்டார் சைக்கிளில் இல்லாமல் ஓட்டோவில். வாள்பிடிகளில் செம்மஞ்சள் நாடா சுற்றி விடுகிறோம், காணி வேலிக்குள் போன பிறகுதான் கழற்றுவது. உடுப்பும் அங்கே போய்த்தான் மாற்றுகிறோம். பக்கத்து வீடுகள் ஐந்துக்கும் முதல் நாளே போய்ச் சொல்லிவிடுவோம், இன்ன நேரம் பெடியள் கத்துவாங்கள், பயப்படாதேங்கோ என்று. ஒரு வீட்டு அம்மம்மா இப்போது கதிரை போட்டு இருந்து பார்க்கிறார்.

போன மாதம் அதே சந்தியில் திரும்பவும் மறித்தார்கள். வேறு ஆள், இளம் பொலிஸ்காரர், தமிழ் கொஞ்சம்தான். பையில் எழுதியிருந்ததை வாசித்தார், திறக்கச் சொன்னார், வாளை எடுத்து வளைத்தார், சிரித்தார், திரும்ப வைத்தார். அடியில் கிடந்த வளையச் சட்டையில் கை பட்டதும் நின்றுவிட்டார். இழுத்து எடுத்துத் தூக்கிப் பிடித்தார், வளையங்கள் மணல் சொரிகிற சத்தத்தோடு கையிலிருந்து வழிந்தன. என்னைப் பார்த்து, இதைப் போடலாமா என்று சைகையில் கேட்டார். தொப்பியைக் கழற்றி ஓட்டோவின் மேல் வைத்துவிட்டுத் தலைக்குள்ளால் விட்டார், நான் பின்னாலிருந்து இழுத்துவிட்டேன். இரண்டு அடி நடந்தார். தோளைக் குலுக்கிப் பார்த்தார். மற்றவர் கைபேசியை எடுத்துவிட்டார்.

“ஹரி பரய்” என்றார், மூச்சு வாங்க. நல்ல பாரமாம்.

இடுப்பில் வார் கட்டினால் குறையும் என்று எப்படிச் சிங்களத்தில் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. என் வாரைக் கழற்றிக் கொடுத்தேன்.